கந்தசாமியைக் காண நடப்பவருக்கு வழி எங்கே?

ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருப்போரூர் சாலையில் நின்று பாருங்கள். காவடியைத் தோளில் தாங்கி, வெறுங்காலுடன் நடந்து வருகிறார்கள். அவர்களை உரசிக்கொண்டு லாரியும் கம்பெனி பஸ்ஸும் பறக்கின்றன. நாவலூர், கேளம்பாக்கம், தையூர் எல்லாம் ஒரு காலத்தில் வயலும் பனையுமாக இருந்த சிற்றூர்களே. 2008-ல் சிறுசேரி வரை ஆறு வழிச் சாலை வந்தது. வாகனத்துக்கு ராஜபாட்டை கிடைத்துவிட்டது. நடப்பவருக்கு நிழல் போயிற்று.

இதனால் நஷ்டம் பக்தருக்கு மட்டுமா? திருப்போரூரை ஒட்டியுள்ள கண்ணகப்பட்டைக் கேளுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் மதுரையிலிருந்து வந்து, கந்தசாமி கோயிலை எழுப்பி, சந்நிதிமுறை பாடிய சிதம்பர சுவாமிகளின் மடமும் சமாதியும் அங்கேதான் இருக்கின்றன. காரில் வருகிறவர் கோயில் வாசலில் இறங்கி, அர்ச்சனை முடித்துத் திரும்பிவிடுகிறார். கண்ணகப்பட்டில் கால் வைப்பவர் எத்தனை பேர்? நடந்து வருகிறவனுக்குத்தான் தாகம் எடுக்கும், பசி எடுக்கும், திண்ணை தேவைப்படும். சிற்றூருக்கு வரும்படி அவனால்தான்.

பிரெஞ்சு தேசத்தார் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டார்கள். ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ மாதா கோயில் அல்ல, புனித யாக்கோபு கோயிலுக்கு அந்நாட்டின் வழியே பழைய நடைபாதைகள் செல்கின்றன. அவற்றில் ஒன்றின் மேல் கோன்க் என்ற மலைக் கிராமம் இருக்கிறது. சில நூறு பேரே வசிக்கும் ஊர். 1980-களின் நடுவில் சந்தியாகோவில் யாத்திரைச் சான்று பெற்றவர்கள் ஆண்டுக்கு மிகச் சிலர்தான். 1987-ல் ஐரோப்பிய கவுன்சில் அதைப் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. வழியெங்கும் அடையாளக் குறி தீட்டினார்கள். மலிவான தங்குமிடங்கள் தோன்றின. 2023-ல் சான்று பெற்றவர்கள் நான்கு லட்சத்துக்கு மேல்! கோன்க்கின் மடாலயமே இன்றும் யாத்ரீகர்களுக்குப் படுக்கையும் சாப்பாடும் தருகிறது. நம் சத்திரங்கள் செய்த வேலைதானே இது?

சீமைக்குத்தான் போக வேண்டுமென்பதில்லை. திண்டுக்கல்லிலிருந்து பழநி செல்லும் சாலையோரம் பாதயாத்திரை போவோருக்கென்றே நடைபாதை போட்டிருக்கிறார்கள். பழநியாண்டவருக்குச் செய்ததைப் போரூர்க் கந்தனுக்குச் செய்வதில் என்ன தடை? பணம் அல்ல, நிலம்தான். கேளம்பாக்கத்துக்குத் தெற்கே மனைக்கற்கள் நாளுக்கு நாள் சாலையை நெருங்குகின்றன. மதில் எழும்பிய பிறகு ஆறடி அகலம் கேட்டால் யார் தருவார்? சாலையை அகலப்படுத்த அளவெடுக்கும்போதே நெடுஞ்சாலைத் துறை அந்த ஆறடியை ஒதுக்கி, கண்ணகப்பட்டு மடம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். இரு பக்கமும் பனங்கன்று நட அறநிலையத் துறை முன்வரலாம். போரூர் முருகன் பனையிலிருந்து தோன்றியவன் என்பதுதானே தலபுராணம்.