குரங்குத் தொல்லையும் கூட்டுறவும்

நம் அங்கத்தினர்கள் இருவர் சந்தித்தால், மழையையும் விலைவாசியையும் பற்றிப் பேசி முடித்தபின், பல ஊர்களில் அடுத்து எழும் பேச்சு குரங்கைப் பற்றியதாகவே இருக்கிறது. கடலைச் செடியைப் பிடுங்கிவிட்டது, தென்னங்குரும்பையை உதிர்த்துவிட்டது, கஞ்சி தோய்த்துத் தெருவில் நீட்டிய பாவின்மேல் தாவி இழைகளை அறுத்துவிட்டது என்று முறையீடுகள் பலவாறு உள்ளன. அவற்றில் நியாயம் உண்டு. ஒரு பருவத்து உழைப்பை ஒரு காலைப்பொழுதில் இழந்தவரிடம் ஜீவகாருண்யத்தை மட்டும் உபதேசிப்பது முறையன்று. ஆயினும், பரிகாரம் தேடுமுன் அப்பிராணியின் இயல்பை அறிந்துகொள்வது அவசியம் என்பது நம் கருத்து.

கோயில், சாவடி, தோப்பு எங்கும் நாம் காணும் நாட்டுக் குரங்கு, உச்சிமயிர் வட்டத் தொப்பிபோல் படிந்திருக்கும் இனமாகும். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இஃது இயற்கையாக வாழ்வதில்லை. வடநாட்டில் இதன் இடத்தில் இருப்பது செம்முகக் குரங்கு. கருமந்தியும் சிங்கவால் குரங்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளுக்கு உரியவை. நம் வழக்கு அவற்றோடு அன்று.

நாட்டுக் குரங்கு தனித்து வாழ்வதன்று. கடுவன்கள் பலவும் மந்திகள் பலவும் குட்டிகளும் சேர்ந்து ஒரு கூட்டமாக, தமக்கென ஓர் எல்லையில் வாழும். மந்தி தான் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுவதும் தங்கும். அதன் மதிப்பும் தாயின் மதிப்பை ஒட்டியே அமையும். கடுவனோ பருவம் எய்தியதும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டம் தேடிச் செல்லும். ஏறக்குறைய ஐந்தரை மாதம் சுமந்து மந்தி ஈனுவது பெரும்பாலும் ஒரே குட்டி. அக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்வதைக் கண்டே நம் முன்னோர் பக்திக்கு ‘மர்க்கட நியாயம்’ என ஓர் உவமை வகுத்தனர். ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பது தூய்மைக்காக மட்டுமன்று. கூட்டத்தின் உறவு அதனாலேயே வலுப்பெறுகிறது.

பழம், கொழுந்து, விதை, பூச்சி ஆகியவை இதன் உணவு. கன்னத்தின் உட்புறம் பை இருப்பதால், கிடைத்ததை விரைவில் திணித்துக்கொண்டு ஓடிப்போய், பாதுகாப்பான இடத்தில் மென்று தின்ன முடிகிறது. காவற்காரர் ஓடி வருமுன் தோட்டத்தில் பெருஞ்சேதம் நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆல், அரசு, அத்தி, இச்சி முதலிய மரங்கள் ஒரே காலத்தில் பழுப்பதில்லை. ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று பழுக்கும். அம்மரங்கள் நிறைந்த சாலைகளிலும் ஏரிக்கரைகளிலும் குரங்குக்கு ஆண்டு முழுவதும் உணவு இருந்தது.

அந்த மரங்களைச் சாலை அகலப்படுத்தவும் விறகுக்கும் வெட்டியவர்கள் யார்? மனிதர்களாகிய நாமே. வெட்டியதோடு நில்லாமல், புண்ணியம் கருதி வழியோரத்தில் வாழைப்பழமும் பொரியும் பிஸ்கோத்தும் இடுகிறோம். இவ்வாறு எளிதில் உணவு பெறும் கூட்டத்தில் குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன. மனிதரிடம் அச்சமும் அற்றுப்போகிறது. கையில் கொடுத்துப் பழக்கியவர் காரில் ஏறிப் போய்விடுகிறார். கையிலிருந்து பறிக்கப் பழகிய குரங்கோ உழவர் வீட்டு வாயிலில் நிற்கிறது.

பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விட்டால் போதும் என்பார் உளர். காலியான எல்லைக்குள் அடுத்த கூட்டம் நுழையும். விடப்பட்டவை அருகிலுள்ள ஊரைத் தேடிச் செல்லும். நம் தொல்லையை அயலூராருக்கு மாற்றிக் கொடுப்பது பரிகாரமாகாது. மேலும், 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இவ்வினத்துக்குக் காப்பளிக்கிறது. தன்னிச்சையாகப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாகும். ஊருக்குள் மிகுதியாகத் தோன்றும் இக்குரங்கு, மொத்தத்தில் குறைந்துவருவதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கணித்திருப்பதையும் நாம் மறத்தலாகாது.

அப்படியானால் செய்வது என்ன? ஒருவர் தம் தோட்டத்தில் வெடி போட்டால் கூட்டம் அடுத்தவர் தோட்டத்துக்குப் போகும். அவர் விரட்டினால் திரும்பி வரும். தனியார் முயற்சி இங்கே பயன்படாது. நெய்வோரும் பயிரிடுவோரும் சேர்ந்தே இதைச் செய்தல் வேண்டும். முதலாவது, குரங்குக்கு உணவிடுவதில்லை என்று ஊரார் ஒருமனதாகத் தீர்மானிக்க வேண்டும்; கோயிலிலும் கடைத்தெருவிலும் எச்சில் இலையையும் குப்பையையும் மூடிவைக்க வேண்டும். இரண்டாவது, விளைச்சல் காலத்தில் விடியற்காலையிலும் மாலையிலும் முறைவைத்துக் காவல் காக்க வேண்டும். பாவு நீட்டும் தெருவுக்கும் அக்காவல் உண்டு. மூன்றாவது, ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் உரிய அனுமதி பெற்று ஆலும் அத்தியும் நட வேண்டும். இதன் பலன் நமக்கு உடனே கிட்டாது. நம் மக்களுக்குக் கிட்டும்.

பருத்திக்கும் நூலுக்கும் நியாய விலை கேட்டு ஒன்றுகூடிய நாம், இதற்காக ஒன்றுகூட ஏன் தயங்க வேண்டும்? குரங்குகள் கூட்டமாக வருகின்றன. நாம் ஒவ்வொருவராகக் கம்பெடுத்து ஓடுகிறோம். கூட்டுறவின் பயனை அவை அறிந்த அளவேனும் நாம் அறிய வேண்டாமா? அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து ஒரு முடிவுக்கு வருவார்களாக.