அடைக்கோழியும் நாற்பது வாட் பல்பும்

யூட்யூபைத் திறந்தால் கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்க ஆயிரம் வழி சொல்கிறார்கள். தெர்மகோல் பெட்டிக்குள் பல்பு, பழைய ஃபிரிட்ஜ், சுடுநீர்ப் பை, மணல் பானை. பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு "தாத்தா, நாமும் செய்யலாமா?" என்று வந்து நிற்கிறார்கள். செய்யலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் முட்டை வாங்கப் புறப்படும் முன் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இது ஒன்றும் புதிய பைத்தியம் இல்லை. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வெப்பமானிப் பாடத்தில் ரெயோமூர் என்ற பெயர் வரும். அவர் கணக்கில் தண்ணீர் 80 டிகிரியில் கொதிக்கும். அதைச் செல்சியசுக்கு மாற்றி மாற்றியே எங்களுக்குக் கை வலித்தது. அந்த மனிதர் 1749-ல் குஞ்சு பொரிப்பதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார் என்று எந்த முசியேவும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். எகிப்துக்காரர்கள் அடுப்பில் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரிக்கிறார்களே, பிரான்சில் ஏன் முடியாது என்பது அவர் கேள்வி. குதிரைச் சாண எருவில் பீப்பாயைப் புதைத்து, உள்ளே முட்டைக் கூடையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். சூடு போதுமானதாக இருந்தது, எருவின் ஆவிதான் கருவைக் கெடுத்தது. ரொட்டி அடுப்பின் சூட்டையும் விட்டுவைக்கவில்லை. நம் ஊரில் விறகடுப்பு ரொட்டிக்கடை வைத்திருந்தவர்கள் காதில் இது விழாமல் போயிற்றே!

2017-ல் பாரிசில் ஆப்ரஹாம் புவான்ஷெவால் என்ற கலைஞர் கண்ணாடிக் கூண்டுக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு பத்து முட்டைகள் மேல் தானே அடை உட்கார்ந்தார். ஒன்பது பொரித்தன. நம் அடைக்கோழி அதை எந்தக் கைதட்டலும் இல்லாமல் செய்கிறது.

சூடு கொடுப்பது எளிது. 37.5 டிகிரி, 21 நாள். கஷ்டம் மற்ற வேலைகளில்தான். கோழி தன் முட்டைகளை நாள் முழுக்க அலகால் புரட்டிக்கொண்டே இருக்கும். பெட்டியில் வைத்தால் அதை நாம்தான் செய்ய வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று முறையாவது. ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கொண்டால் குழப்பம் இல்லை. நகராத கோப்பு பீரோவில் ஒட்டிக்கொள்வதை முப்பது வருஷம் பார்த்தவன் நான். திருப்பாத முட்டையிலும் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்திவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரைக் கூட்டி, மூடியைத் திறக்காமல் இருக்க வேண்டும். ஓட்டில் விரிசல் கண்டதும் "பாவம், உதவி செய்வோம்" என்று உரிக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ரத்தக்குழாய்கள் வற்றி, மஞ்சள்கரு வயிற்றுக்குள் போவதற்கு அவகாசம் வேண்டும். ஒரு நாள்கூட ஆகலாம்.

கடையில் அட்டையில் அடுக்கி விற்கும் வெள்ளை முட்டையை வைத்து ஏமாறாதீர்கள். அந்தப் பண்ணைக் கூண்டுகளில் சேவலே கிடையாது. இருபத்தொரு நாள் காத்தாலும் கூமுட்டைதான். எல்.இ.டி. விளக்கும் ஆகாது, குண்டு பல்புதான் சுடும். கரண்டு போனால் பதற வேண்டாம், பெட்டியைப் போர்வையால் மூடி வையுங்கள். கோழியும் தீனிக்கு எழுந்து போகத்தானே செய்கிறது?

எங்கள் தெருவில் ஏழாவது படிக்கும் ஒரு பையன் பன்னிரண்டு நாட்டு முட்டை வைத்து ஐந்து குஞ்சு எடுத்தான். தெருவே வந்து பார்த்தது. அவன் வீடோ இரண்டாவது மாடி. குஞ்சுக்கு இறகு முளைக்கும்வரை, நாலைந்து வாரம், பல்புச் சூடு வேண்டும். தீனி, தண்ணீர், நாற்றம், பூனை. பத்தாம் நாள் அவன் அம்மா அவற்றை யாரிடமாவது தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார். போகப்போக அதில் எத்தனை சேவல் என்று தெரியும். விடியற்காலை நாலு மணிக்குக் கூவுகிற சேவலை அடுக்குமாடியில் யார் வைத்துக்கொள்வார்கள்? அந்தப் பையனிடம் முதல் நாளே இதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள். பொரித்த பிறகு அழுதவன் அவன் மட்டும்தான்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. என் அம்மா கூடையில் மணல் பரப்பி, ஒற்றைப்படையில் முட்டை அடுக்கி, இடிக்குப் பயந்து ஓர் இரும்புத் துண்டும் கரியும் போட்டு அடை வைப்பார். இரும்பும் கரியும் வீண்தான். ஆனால் கோழி தானாக அடைக்கு உட்காரும்வரை காத்திருந்தார். இப்போது நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் பலர், அடைக்கு உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடுகிறதே என்று, அதைத் தண்ணீரில் முக்கியும் மூக்கில் இறகு குத்தியும் அடையைத் தெளிய வைக்கிறார்கள். அந்த முட்டையைத்தான் நம் பிள்ளைகள் வாங்கிவந்து பல்புக்கு அடியில் வைக்கிறார்கள். பல்பு குஞ்சுக்குக் கிளறக் கற்றுத்தராது, பருந்து வந்தால் இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளாது.

ஆகவே பேரன் கேட்டால் நான் சொல்வது இது: முதலில் கிராமத்தில் யாரிடமாவது அடைக்கோழி இருக்கிறதா என்று விசாரிப்போம். இருந்தால் அங்கேயே ஒரு முட்டையில் உன் பெயரை எழுதி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்ப்போம். இல்லாவிட்டால் பெட்டி செய்வோம். குஞ்சுகளை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் சரி என்று சொன்ன பிறகு.