ஆக்சிலேட்டர் குத்துதா? ‘குயிக் த்ராட்டில்’ வாங்கும் முன் 10 நிமிடம் ஒதுக்குங்க!

காலை 8.30 மணி. அனகாபுத்தூரில் இருந்து பம்மல் வழியாகப் பல்லாவரம் போகும் சாலை. முன்னால் மாநகரப் பேருந்து, இடது பக்கம் ஷேர் ஆட்டோ, வலது பக்கம் தண்ணி லாரி. வண்டி முதல் கியரில் இருந்து இரண்டாவது கியருக்குப் போய், மறுபடியும் முதல் கியருக்கே வருகிறது. ஆக்சிலேட்டரை லேசாகத் திருப்பினால் ஒன்றுமே நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினால் வண்டி ‘டக்’கென்று முன்னால் பாய்கிறது. விட்டால் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட் ஓட்டுபவரின் ஹெல்மெட்டில் இடிக்கிறது.

ரேடியல் ரோடு பிடித்து ஓ.எம்.ஆர். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிடும். “வண்டி ஸ்மூத்தா இல்லையே, ஏதாவது மாத்தணும்” என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. செல்போனில் தேடினால் ‘குயிக் த்ராட்டில்’, புது கிரிப், புது ஹேண்டில்பார், இ.சி.யு. டியூனிங் என்று வரிசையாக வருகிறது. ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பொருளுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் பெரும்பாலான வண்டிகளுக்குத் தேவை புதுப் பொருள் அல்ல, சரியான அட்ஜஸ்ட்மென்ட். சிலர் காசு கொடுத்து வாங்கும் பொருள், இருக்கிற பிரச்சினையை இன்னும் பெரிதாக்கவும் செய்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

கையைத் திருப்பினால் உள்ளே என்ன நடக்கிறது?

வலது கைப்பிடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. அதன் ஓரத்தில் சின்னச் சக்கரம் மாதிரி ஒரு பகுதி. கைப்பிடியைத் திருப்பினால் அந்தச் சக்கரம் கேபிளை இழுக்கும். கேபிளின் மறுமுனை, என்ஜினுக்குக் காற்று போகும் வழியில் இருக்கிற பட்டர்ஃபிளை வால்வைத் திறக்கும். காற்று எவ்வளவு போகிறது என்பதை சென்சார்கள் சொல்ல, இ.சி.யு. என்ற சின்னக் கம்ப்யூட்டர் அதற்கு ஏற்றபடி பெட்ரோலைத் தெளிக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது; காற்றின் இழுவையே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும்.

சில வண்டிகளில் இரண்டு கேபிள் இருக்கும். ஒன்று திறக்க, இன்னொன்று மூட. உள்ளே ஸ்பிரிங் சரியாக வேலை செய்யாவிட்டாலும் கையால் மூடிவிட முடியும் என்பதற்கான பாதுகாப்பு அது.

இன்னொரு வகை ‘ரைடு-பை-வயர்’. இதில் கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவே கேபிள் இழுவையே இல்லை. கைப்பிடி எவ்வளவு திரும்பியது என்பதை ஒரு சென்சார் சொல்லும்; வால்வை மோட்டார் திறக்கும். கே.டி.எம். 390 டியூக்கில் 2017-லேயே இது வந்துவிட்டது. 2025-ல் ஹீரோவின் கிளாமர் எக்ஸ் என்ற 125 சிசி வண்டியிலும் வந்துவிட்டது.

சரி, வண்டி ஏன் குத்துது?

முதல் காரணம், கைப்பிடியில் இருக்கும் வெற்று ஆட்டம். மெக்கானிக்குகள் இதை ‘ஃப்ரீ பிளே’ என்பார்கள். கேபிள் இழுபடாமலே கைப்பிடி சுற்றும் தூரம் இது. பெரும்பாலான வண்டிகளின் கையேட்டில் 2 முதல் 6 மில்லிமீட்டருக்குள் ஒரு அளவு கொடுத்திருப்பார்கள். இது அதிகமானால், கை முதலில் ‘காலி’யாகச் சுற்றும். எதுவும் நடக்கவில்லையே என்று கை இன்னும் முறுக்கும். அப்போது கேபிள் திடீரென்று பிடித்து இழுக்கும். வண்டி பாயும்.

அனகாபுத்தூர் நெசவுக்குப் பெயர் போன ஊர். பாவு நூல் தொளதொளவென்று இருந்தால் நெய்ய முடியாது, அளவுக்கு மேல் இறுக்கினால் அறுந்துவிடும் என்பது தறிக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு. ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் அதே கணக்குதான்.

இரண்டாவது காரணம், செயின். ஆக்சிலேட்டரை மூடும்போது செயினின் ஒரு பக்கம் தளர்கிறது. திறக்கும்போது அந்தத் தளர்ச்சி முழுவதும் ஒரே நொடியில் இறுகுகிறது. செயின் தொங்கிக்கொண்டிருந்தாலோ, பின் சக்கர ஹப்புக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பர் தேய்ந்திருந்தாலோ, அந்த இழுப்பு அப்படியே முதுகில் வந்து விழும். ஓட்டுபவர் பழியை ஆக்சிலேட்டர் மேல் போடுவார். குற்றவாளி பின்னால் இருக்கும்.

மூன்றாவது காரணம், என்ஜினின் கணக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதிகள் வந்ததால், பெரும்பாலான பைக்குகள் கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. ஓடுகிற வண்டியில் ஆக்சிலேட்டரை முழுசாக மூடினால், புகையையும் பெட்ரோல் செலவையும் குறைக்க இ.சி.யு. பெட்ரோலை நிறுத்திவிடும். மறுபடி லேசாகத் திறந்ததும் பெட்ரோல் வரத் தொடங்கும். அந்த ‘ஆஃப் – ஆன்’ மாற்றம் சில வண்டிகளில் ஒரு சின்னக் குத்தாகத் தெரியும். இது ரிப்பேர் இல்லை, அந்த வண்டியின் குணம்.

இது நம்மூர் பிரச்சினை மட்டுமில்லை. யமஹா எம்.டி.-09 முதலில் வந்தபோது, ஆக்சிலேட்டர் ரொம்பத் திடீரென்று பிடிக்கிறது என்று உலகம் முழுக்கப் பேச்சு எழுந்தது.

‘குயிக் த்ராட்டில்’ போட்டால் ஸ்மூத் ஆகுமா?

ஆகாது. பெயரிலேயே விடை இருக்கிறது.

குயிக் த்ராட்டிலில், கேபிளை இழுக்கும் அந்தச் சக்கரம் பெரிதாக இருக்கும். அதனால் கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பினாலே கேபிள் நிறைய இழுபடும். ஒரு உதாரணத்துக்கு, முழுதாகத் திறக்க 90 டிகிரி திருப்ப வேண்டிய வண்டியில் 60 டிகிரி போதும் என்று ஆக்கிவிட்டால், ஒவ்வொரு டிகிரிக்கும் வால்வு ஒன்றரை மடங்கு திறக்கும். ரேஸ் டிராக்கில் இது வசதி. மணிக்கட்டைத் திரும்பப் பிடிக்காமல் ஒரே முறுக்கில் முழு வேகம் கிடைக்கும்.

பம்மல் டிராஃபிக்கில் யாரும் முழுசாக முறுக்குவதில்லை. மணிக்கு 20, 30 கி.மீ. வேகத்தில் வால்வு திறப்பதே மிகச் சின்ன அளவுதான். பட்டர்ஃபிளை வால்வில் அந்த முதல் சில டிகிரிகள்தான் ரொம்ப நுணுக்கமானவை. கொஞ்சம் திறந்தாலே காற்றின் அளவு பல மடங்காகும். அந்த இடத்திலேயே ஒன்றரை மடங்கு வேகம் கூட்டினால், பள்ளத்தில் கை ஒருமுறை ஆடினாலும் வண்டி பாயும்.

ஸ்மூத்தாக வேண்டும் என்றால் தேவைப்படுவது இதற்கு நேர் எதிரானது. முதலில் மெதுவாகவும், பிறகு வேகமாகவும் கேபிளை இழுக்கும்படி சக்கரத்தை வட்டமாக இல்லாமல் செய்த குழாய்கள் வெளிநாட்டில் ‘த்ராட்டில் டேமர்’ என்ற பெயரில் விற்கின்றன. ஆனால் அவை குறிப்பிட்ட சில பெரிய வண்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. “எல்லா வண்டிக்கும் பொருந்தும்” என்று யாராவது நீட்டினால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது நல்லது.

காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

1. என்ஜினை ஆஃப் செய்துவிட்டு கைப்பிடியை முழுதாகத் திருப்பி, சட்டென்று விடுங்கள். ‘டப்’ என்று தானாகவே மூட வேண்டும். ஹேண்டிலை இடது கோடியிலும், வலது கோடியிலும் வைத்து இதையே திரும்பச் செய்யுங்கள். மெதுவாகத் திரும்பினாலோ பாதியில் நின்றாலோ, அந்த வண்டியை ஓட்டக்கூடாது.

2. நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குத் திருப்புங்கள். என்ஜின் சத்தம் கூடினால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது, அல்லது தவறான வழியில் போகிறது என்று அர்த்தம்.

3. கைப்பிடியின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டு, வெற்று ஆட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலில் பாருங்கள். கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கேபிள் வண்டிகளில் கைப்பிடிப் பக்கம் ரப்பர் மூடிக்குள் ஒரு அட்ஜஸ்டரும் லாக் நட்டும் இருக்கும். சின்ன மாற்றத்துக்கு அதுவே போதும். செய்து முடித்ததும் மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும்.

4. கிரிப் ரப்பர் குழாயின் மேல் தனியாகச் சுற்றுகிறதா, பார்-எண்டில் உரசுகிறதா என்று பாருங்கள். புது கிரிப் போட்டபோது சிந்திய பசை உள்ளே போய் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

5. செயின் தொய்வைக் கையேட்டில் உள்ளபடி அளந்து பாருங்கள். பல வண்டிகளுக்கு அது 20 முதல் 30 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். உயரமான வண்டிகளுக்கு இன்னும் அதிகம்.

6. ஐடிலிங் ஏறி இறங்குகிறது என்றால் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். அதைச் சர்வீஸ் சென்டரில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஸ்டாப்பர் ஸ்க்ரூவை வீட்டில் திருகிப் பார்க்க வேண்டாம். சென்சாரின் கணக்கே மாறிவிடும்.

கேபிள் பிசிறு விட்டிருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ எண்ணெய் விட்டு ஒப்பேற்றக்கூடாது. மாற்றிவிட வேண்டும். சாதாரண கம்யூட்டர் வண்டிக்கு ஒரிஜினல் கேபிள் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் எது வேண்டுமானாலும் பேரம் பேசி வாங்கலாம், ஆக்சிலேட்டர் கேபிளையும் பிரேக் பாகத்தையும் தவிர.

மழைக்கால எச்சரிக்கை

அனகாபுத்தூர் அடையாற்றங்கரை ஊர். 2015 டிசம்பர் வெள்ளம் இந்தப் பகுதி மக்களுக்கு மறக்காது. தண்ணீரில் நின்ற வண்டிக்கு என்ஜின் ஆயில் மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கேபிளின் வெளி உறைக்குள் புகுந்த தண்ணீரும் சேறும் அங்கேயே தங்கிவிடும். சில வாரங்களில் உள்கம்பி துருப்பிடித்து, ஆக்சிலேட்டர் ‘கெட்டி’யாகும். ஒருநாள் திறந்தபடியே மாட்டிக்கொள்ளவும் செய்யும்.

ஓடும்போது அப்படி மாட்டிக்கொண்டால் பதறி முன் பிரேக்கை மட்டும் அழுத்தக்கூடாது. கிளட்சைப் பிடித்து, கில் ஸ்விட்சை அணைத்து, இரண்டு பிரேக்கையும் சீராகப் பிடித்து ஓரங்கட்ட வேண்டும். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். சாலையில் மிகவும் பலவீனமான நிலையில் இருப்பவரின் வலது கை, சொன்னதைக் கேட்கும் நிலையில் இருக்க வேண்டாமா?

ஹேண்டில்பார் மாற்றினால்?

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். உயரமான அல்லது அகலமான ஹேண்டில்பார் போட்டு, பழைய கேபிளையே இழுத்து மாட்டினால், வண்டியைத் திருப்பும்போது கேபிள் தானாக இழுபடும். யூ-டர்ன் நடுவில், கை முறுக்காமலே வண்டி வேகமெடுக்கும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கும் முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அந்த மூல வடிவத்துக்கு மாறாகப் போகக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 182ஏ பிரிவு. தேய்ந்த கேபிளுக்குப் பதில் அதே அளவுள்ள ஒரிஜினல் கேபிள் போடுவது இதில் வராது.

கைக்கும் கொஞ்சம் சர்வீஸ்

எல்லாம் சரியாக இருந்தும் குத்தினால், பழக்கத்தைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு குழியிலும் கை தானாக முறுக்கும். மணிக்கட்டை நேராக வைத்து, முழங்கையைத் தளர்த்தி, ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது போலப் பிடிப்பது நல்லது. திறக்கும்போது முதலில் வெற்று ஆட்டத்தை மட்டும் எடுத்து, அரை நொடி விட்டுப் பிறகு திறந்தால் பாதிக் குத்தல் போய்விடும். மெதுவான டிராஃபிக்கில் ஆக்சிலேட்டரை முழுசாக மூடித் திறப்பதைவிட, லேசாகத் திறந்து வைத்து, கிளட்சையும் பின் பிரேக்கையும் கொண்டு வேகத்தைச் சமாளிப்பது சுலபம்.

சர்வீஸ் பில்லில் ஒரு வரி

கம்பெனிகள் இதை உணராமல் இல்லை. ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி 200-ல், ஆக்சிலேட்டரை முறுக்காமலே டிராஃபிக்கில் ஊர்ந்து போகும் வசதி பி.எஸ்.6 மாடலோடு வந்தது. அனகாபுத்தூரில் இருந்து குன்றத்தூர் தாண்டிப் போனால் ஒரகடம், வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டும் யமஹாவும் வண்டி செய்கின்றன. இவ்வளவு பக்கத்தில் தயாராகிற வண்டியின் கேபிள் ஆட்டம் எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது, அதைத் தினமும் 2 மணி நேரம் ஓட்டுபவர்களில் பலருக்குத் தெரியாது. வாட்டர் வாஷ், பாலிஷ் என்று சர்வீஸ் பில்லில் தனித்தனி வரி இருக்கிறது. ‘ஆக்சிலேட்டர் ஃப்ரீ பிளே – செயின் தொய்வு: அளந்தது இவ்வளவு’ என்று ஒரு வரி சேர்ப்பது எந்தச் சர்வீஸ் சென்டருக்கும் சுமை இல்லை. எழுதாவிட்டால் வாடிக்கையாளர் கேட்டு வாங்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் “அண்ணே, வண்டி ஸ்மூத்தா இல்ல” என்று மட்டும் சொன்னால், கிடைப்பது ஒரு ஊகம்தான். “கைப்பிடி ஆட்டம் 10 மில்லிமீட்டர் இருக்கு, ஹேண்டில் திருப்பினா சத்தம் கூடுது” என்று சொன்னால் வேலை 10 நிமிடத்தில் முடியும். நாளைக் காலை பம்மல் சிக்னலுக்குப் போவதற்கு முன், வீட்டு வாசலிலேயே கைப்பிடியை ஒருமுறை முறுக்கி விட்டுப் பாருங்கள். ‘டப்’ என்று மூடினால் கிளம்பலாம்.