வால்வு ரேடியோ வாங்கலாமா?

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழைய வால்வு ரேடியோவைக் கண்டதும், "ஊரில் அப்பா வைத்திருந்த மாதிரி" என்று விலை கேட்கும் தமிழர்கள் உண்டு. கடைக்காரர் மரப்பெட்டிக்குப் பாலிஷ் போட்டிருப்பார். பார்க்க வேண்டியது உள்ளே. ஐம்பது வருடம் கடந்த கண்டென்சர்கள் காய்ந்தோ கசிந்தோ இருக்கும். அவற்றை மாற்றாமல் கரண்ட் கொடுத்தால் டிரான்ஸ்பார்மரே கருகலாம். அது போனால் மிஞ்சுவது வெறும் பெட்டி. உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தங்கி நிற்கும். ஒற்றை அறையில் குழந்தைகளோடு இருப்பவர் யோசிக்க வேண்டும்.

ஓசை பெருக்கும் வால்வுகள் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியாவில் இன்றும் தயாராகின்றன. நிலையம் பிடிக்கும் வால்வுகளுக்குப் பழைய இருப்புதான் கதி. அப்படியே பாடினாலும், பெரும்பாலான பெட்டிகளில் மத்திய அலையும் சிற்றலையும்தான், எப்.எம். கிடையாது.

ஊருக்கு மணியார்டர் அனுப்பிய கை இதில் ஒரு மாதச் சம்பளத்தைப் போடுவது வீண். ஆனால் ஊரில் பரண்மேல் கிடப்பதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். கண்டென்சர் மாற்றப் பெரிய செலவில்லை. கை தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு.