அந்தத் தண்ணியை அழிக்காதீங்க

பயோஇன்பர்மேட்டிக்ஸ் லேப்ல முதல் நாள் என்ன செய்யச் சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஒரு புரதத்தோட அமைப்பை டவுன்லோட் பண்ணு, பைமாலில் திற, சுற்றி இருக்கிற சிவப்புப் புள்ளிகளை நீக்கு. அந்தச் சிவப்புப் புள்ளிகள்தான் தண்ணீர் மூலக்கூறுகள். நீக்கியதும் சுருள் சுருளாகப் புரதம் பளிச்சென்று நிற்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டிவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் போனேன்.

நாம் அழித்தது குப்பை இல்லைங்க, அந்த மெஷினின் ஒரு பாகம்.

மயோகுளோபினை எடுத்துக்கோங்க. தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கிற புரதம். முதன்முதலில் முப்பரிமாண அமைப்பு தெரியவந்த புரதமும் இதுதான். 1958-ல் ஜான் கெண்ட்ரூ குழு கண்டுபிடித்தது. அந்தப் படத்தை எவ்வளவு திருப்பிப் பார்த்தாலும், உள்ளே இருக்கும் இரும்பு அணு வரைக்கும் ஆக்சிஜன் போவதற்கு வழியே இல்லை. கதவில்லாத வீடு. ஆனால் நாம் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்! புரதம் அசைகிறது, அசையும்போது இடுக்குகள் திறந்து மூடுகின்றன என்பதுதான் ஒரே விளக்கம். நிலையான படத்தில் அது தெரியாது.

அந்த அசைவை யார் அனுமதிக்கிறார்கள்? 1989-ல் டோஸ்டர், கியூசாக், பெட்ரி மூவரும் மயோகுளோபின் மேல் நியூட்ரான்களை அடித்துப் பார்த்தார்கள். நியூட்ரானுக்கு ஹைட்ரஜன்தான் நல்லாத் தெரியும். அதனால் சாதாரண தண்ணீருக்குப் பதில் கனநீரால் ஈரமாக்கினார்கள். தண்ணீர் ஒதுங்கிக்கொள்ள, புரதத்தின் ஹைட்ரஜன்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. (சோதனை அமைப்பில் இப்படி ஒரு தந்திரம் இருந்தால் எனக்கு விசில் அடிக்கத் தோணும்.) மிகக் குளிரில் அணுக்கள் இருந்த இடத்திலேயே ஸ்பிரிங் மாதிரி அதிர்ந்தன. சுமார் 200 கெல்வினைத் தாண்டியதும், அதாவது மைனஸ் 73 டிகிரி செல்சியஸுக்கு மேல், அசைவு திடீரென்று அதிகமானது. ஆனால் புரதம் காய்ந்திருந்தால் இந்தத் திடீர் ஏற்றம் வருவதில்லை. வெறும் சூடு மட்டும் போதாது, ஈரமும் வேண்டும்.

பொரித்த அப்பளத்தை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் நமுத்துப்போகுதில்ல? சூடு ஏறவில்லை, ஈரம் மட்டும்தான் ஏறியது. நொறுங்கிய பொருள் வளைய ஆரம்பிக்கிறது. பாலிமர் படிக்கிறவங்க இதை பிளாஸ்டிசைசர் என்பார்கள். புரதத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். காய்ந்த நிலையில் அதன் பாகங்கள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீர் வந்தால் "அவனை விடு, என்னைப் பிடி" என்று கை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் அசைவது சுலபமாகிறது. கடுங்குளிரில் அந்தத் தண்ணீரே விறைத்துவிட, புரதமும் கூடவே மாட்டிக்கொள்கிறது.

இதெல்லாம் வெறும் இயற்பியல் வேடிக்கை என்பவர்களுக்கு ரெண்டு விஷயம். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம் என்ற நொதி, ஒரு கிராமுக்கு சுமார் 0.2 கிராம் தண்ணீர் சேர்ந்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. 1992-ல் ரைபோநியூக்ளியேஸ் படிகத்தில் செய்த சோதனையில், 228 கெல்வினில் ஒட்டிக்கொண்ட தடுப்பான் மூலக்கூறு 212 கெல்வினில் ஒட்டவே இல்லை. 16 டிகிரிதான் வித்தியாசம். ஆனா ஒண்ணு, எல்லா நொதியும் இப்படியில்லை. இந்த எல்லைக்குக் கீழேயும் வேலை செய்கிற நொதியைப் பிறகு கண்டார்கள். எந்த அசைவு வேலைக்குத் தேவை, எது சும்மா ஆட்டம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சிலபஸில் சேர்க்க வேண்டியதே இந்தச் சண்டையைத்தான்.

டாக்கிங் செய்யும்போது தண்ணீரை நீக்கினால் கணக்கு சீக்கிரம் முடியும், ஒத்துக்கொள்கிறேன். ஆல்ஃபாஃபோல்டுக்கு 2024-ல் நோபல் கொடுத்ததும் நியாயம்தான். ஆனால் அது தருவதும் தண்ணீர் இல்லாத, அசையாத ஒரு வடிவம். அதைப் பார்த்துவிட்டு "புரதப் பிரச்சினை முடிஞ்சுது" என்று செமினாரில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருது. தட்டம்மைத் தடுப்பூசியைச் சர்க்கரை மாதிரியான பொருட்களோடு உறைய வைத்து உலர்த்தி ஏன் தூளாக அனுப்புகிறார்கள் என்று அந்த வடிவம் சொல்லாது. ஈரத்தை எடுத்து அசைவை நிறுத்தினால் கெடுவதும் நிற்கும். ஊசி போடும் முன் திரவம் சேர்த்தால் மறுபடி உயிர்.

நம்ம துறை லேபுக்கு ஒரு கோரிக்கை. சிவப்புப் புள்ளிகளை நீக்கும் பயிற்சியோடு இன்னொன்றையும் வையுங்கள். 129 அமினோ அமிலங்கள் மட்டுமே உள்ள லைசோசைமை குரோமேக்ஸில் தண்ணீரோடு 300 கெல்வினில் ஒரு தடவை, 150 கெல்வினில் ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள். எந்த அணு எவ்வளவு ஆடியது என்று ரெண்டு கிராஃப். ராத்திரி ஓட விட்டுட்டுப் போனால் காலையில் வந்து பார்த்துக்கலாம். ஏசியை மட்டும் யாரும் அணைச்சுடாதீங்க.