யாருடைய பாதுகாப்பு?

2025 மே மாதம் 6ஆந் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலுக்குச் சில நாட்களின் முன், எங்கள் மாநகர சபைக்குப் போட்டியிட்ட வேட்பாளர் ஒருவரின் கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். அவரைப் பெயர் கூறி ஏசுவது என் நோக்கமன்று. மனிதர் வருவர், போவர். அவர் வாய்வழி வந்த கருத்தோ நெடுங்காலமாக இந்நாட்டில் உலவி வருவது. அதனோடுதான் எனக்கு வழக்கு.

அவர் சொன்னவை இரண்டு. மக்களின் பாதுகாப்பே முதன்மையானது. ஆதலால் சபைப் பணத்தின் முதற்பங்கு சந்திக்குச் சந்தி கண்காணிப்புக் கமராவுக்கும் காவற் கூடங்களுக்கும் ஒதுக்கப்படும் என்பது ஒன்று. சபையின் வருமானத்தைத் தின்பது சம்பளம், சம்பளத்தை ஏற்றுவது தொழிற்சங்கம். துப்புரவு வேலையைக் குத்தகைக்காரரிடம் ஒப்படைத்தாற் செலவும் குறையும், வேலைநிறுத்தத் தொல்லையும் ஒழியும் என்பது மற்றது. கைதட்டல் பலமாக எழுந்தது. தட்டிய கைகளுள் என் சக ஆசிரியர் சிலரின் கைகளும் இருந்தன. அந்தக் கைதட்டலே என்னை இதனை எழுதத் தூண்டியது.

மக்களின் அச்சம் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. மாலை வகுப்பு முடிந்து இருண்ட ஒழுங்கையால் வீடு திரும்பும் மாணவியின் அச்சம் மெய்யானது. போதைப்பொருளுக்கு மகனைப் பறிகொடுத்த தாயின் அச்சமும் மெய்யானது. ஆனால், அந்த அச்சத்தைக் காட்டி வாக்குக் கேட்பவர், அதனைப் போக்கத் தம் கையில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டுமன்றோ? பொலிஸ் படை மத்திய அரசின் கையில் இருப்பது. மாநகர சபையின் கையிலுள்ள பாதுகாப்பு எது? தெருவிளக்கு, வடிகால், குப்பையகற்றல், நுளம்பொழிப்பு, தீயணைப்புப் படை. இவையே.

இவற்றுள் எதை எடுத்து நோக்கினும் அதன் பின்னால் ஒரு தொழிலாளி நிற்கிறான். இருளில் நடந்த குற்றத்தைக் கமரா படம்பிடிக்கக் கூடும். அந்த இருளை நீக்குபவனோ மின்கம்பத்தில் ஏறும் தொழிலாளி. 2017ஆம் ஆண்டில் டெங்குக் காய்ச்சல் இந்நாட்டில் ஏறத்தாழ 186,000 பேரைப் பீடித்து, 400க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. எந்தக் காவற் கூடம் அந்த நுளம்பைத் தடுத்திருக்கும்? அதே ஆண்டு ஏப்ரில் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பின் அயலிலுள்ள மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து, 30க்கும் மேற்பட்ட ஏழைகளை வீடுகளோடு புதைத்தது. அங்கு வாழ்ந்தோர் ஆண்டுக்கணக்காகக் கூக்குரலிட்டனர், கேட்பாரில்லை. அம்மக்களைக் கொன்றது தொழிற்சங்கமா? வேலைநிறுத்தமா? நகரத்தின் கழிவைச் செலவின்றி ஏழையின் தலைமாட்டிற் கொட்டலாம் என்ற சிக்கனமே கொன்றது. நமது வேட்பாளர் கைகூப்பி வணங்கும் தெய்வமும் அந்தச் சிக்கனந்தான்.

குத்தகைக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். சபைக்குச் செலவு குறையவேண்டும். குத்தகைக்காரருக்கு இலாபம் கிடைக்கவேண்டும். தெருவின் நீளம் குறையப்போவதில்லை. குப்பையின் நிறையும் குறையப்போவதில்லை. ஆயின் இவ்விரண்டுக்குமான பணம் எங்கிருந்து வரும்? தொழிலாளியின் கூலியிலிருந்து வரும். அவனுடைய சேமலாப நிதியிலிருந்து, சுகவீன விடுமுறையிலிருந்து, கையுறையிலிருந்து, சப்பாத்திலிருந்து வரும். வேறு கிணறு இல்லை.

அந்தத் தொழிலாளி யார் என்பதையும் நாம் மறைக்கலாகாது. நம் வடபுலத்து நகரங்களிலே துப்புரவுப் பணி செய்வோருட் பலர், ஆங்கிலேயர் காலத்தில் தமிழகத்திலிருந்து இதற்கெனவே கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். சாதியின் பெயரால் ஊரின் ஓரத்தில் இருத்தப்பட்டவர்கள். அவர்களுக்குக் கோயிலும் பாடசாலையும் கதவடைத்த காலத்திலே, தலைநிமிர்ந்து நின்று கேள்வி கேட்பதற்குச் சங்கம் ஒரு மேடையாயிற்று. அந்தச் சங்கத்தை உடைத்துவிட்டுச் சமத்துவம் பேசுவது, ஏணியை எடுத்தபின் மாடிக்கு அழைக்கும் உபசாரம்.

பாதுகாப்பின் பெயரால் உழைப்போரை ஒடுக்கும் வித்தை இவர் கண்டுபிடித்ததன்று. 1947ஆம் ஆண்டிலே தொழிற்சங்க உரிமை கோரி அரசாங்க ஊழியரும் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஜூன் 5ஆந் திகதி தெமட்டகொடைப் பகுதியிற் பொலிசார் சுட்டனர். கந்தசாமி என்னும் எழுதுவினைஞர் உயிர் நீத்தார். அதே மாதத்திற் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பிறந்தது. பெயரைப் பாருங்கள்! மாண்டவனும் பொதுமக்களுள் ஒருவன். பாதுகாக்கப்பட்டதோ சுட்டவரின் ஆட்சி.

1980ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, சம்பள உயர்வு கேட்ட ஊழியரின் மறியல்மீது குண்டர் பாய்ந்தனர். சோமபால என்னும் தொழிற்சங்கவாதி கொல்லப்பட்டார். ஜூலையில் வேலைநிறுத்தம் மூண்டது. அத்தியாவசியப் பொதுச் சேவைகளின் பெயரால் 40,000க்கும் மேற்பட்டோர் வேலையிழந்து தெருவில் விடப்பட்டனர். தற்கொலை செய்துகொண்டோரும் அவர்களுள் உளர். சேவை அத்தியாவசியமானதாம், அதைச் செய்தவன் மட்டும் அத்தியாவசியமற்றவனாம்!

நம் ஆசிரியர்களுக்கு இது பழங்கதையன்று. 2021 ஜூலை 8ஆந் திகதி, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து நின்றபோது, இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் ஏனையோரும் கைதாயினர். நீதிமன்றம் பிணை வழங்கிற்று. வழங்கிய பின்னரும் அவர்களை வலிந்து ஏற்றிச்சென்று முல்லைத்தீவு, கேப்பாப்பிலவிலே தனிமைப்படுத்தினர். அன்றைய போர்வை தொற்றுநோய். அதற்கெதிராக நாம் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினோம். சம்பள முரண்பாட்டையும் சேர்த்துக் கேட்டோம். அன்று நம்மையும் பொதுநலத்தின் பகைவர் என்றே சிலர் வைதனர். அந்த வசையை வாங்கியவர்களே இன்று துப்புரவுத் தொழிலாளியை நோக்கி அதே வசை வீசப்படுகையிற் கைதட்டலாமா? நமக்கொரு நீதி, அவனுக்கொரு நீதியா?

தொழிற்சங்கங்கள் யாவும் பழுதற்றவை என்று வாதிட நான் முன்வரேன். கட்சித் தலைவரின் கண்ணசைவுக்குக் காத்திருக்கும் சங்கங்கள் உண்டு. நிரந்தர ஊழியனுக்காக முழங்கிவிட்டு, அவனருகே நாட்கூலிக்கு நிற்பவனை மறக்கும் சங்கங்களும் உண்டு. இக்குறைகள் களையப்படவேண்டியவை; களையவேண்டியோர் அச்சங்கங்களின் அங்கத்தவர்களே. வீட்டிற் கறையான் பிடித்ததென்று குடியிருப்போரை வெளியேற்றி வீட்டைக் குத்தகைக்கு விடுவார் உண்டோ?

இன்னொன்றையும் அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை. வேட்பாளர் போற்றிய பொலிஸ்காரனுக்கு இந்நாட்டுச் சட்டப்படி தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையே இல்லை. நேரங்காலமின்றி நிற்கும் சாதாரண கொன்ஸ்தாபிளும் ஓர் உழைப்பாளியே. தன் குறையைக் கூட்டாகச் சொல்ல வாயற்றவனை மற்றோர் உழைப்பாளியின் முன் தடியோடு நிறுத்துவதைத்தான் இவர்கள் ‘ஒழுங்கு’ என்கின்றனர்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! தேர்தல் முடிந்தது, சபை கூடுகிறது, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வரும். பாதுகாப்புக்குப் பணம் ஒதுக்கவேண்டாமென்று நாம் கேட்கவில்லை. ஒதுக்கவேண்டும் என்றே கேட்கிறோம். எரியாத விளக்குகளுக்கு ஒதுக்குங்கள். தூர்ந்த வடிகாலுக்கு ஒதுக்குங்கள். தீயணைப்புப் படைக்கு ஆட்களையும் கருவிகளையும் கொடுங்கள். நாட்கூலிக்கு நிற்பவனை நிரந்தரமாக்குங்கள். இவற்றுக்குப் பின்னும் பணம் மிஞ்சினாற் கமராவைப் பற்றிப் பேசுவோம்.

வரவு செலவுத் திட்டம் விவாதிக்கப்படும் நாளிற் பொதுமக்கள் இருக்கையில் நம்மிற் பத்துப்பேராவது இருக்கவேண்டும். மேடையில் அன்று கேட்கத் தவறிய கேள்வியை அங்கே கேட்போம்: ஐயா, தாங்கள் காக்கப் புறப்பட்ட பொதுமக்களுள், விடியுமுன் எங்கள் தெருவைக் கூட்டும் அந்த மனிதனும் அடக்கமா, இல்லையா?