ஒரு மூலை போதாது!

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் ஒட்டியதுமே நம்ம பசங்க ரோபோ, செயற்கை நுண்ணறிவு, மின்சாரக் கார் என்று தலைப்பை எல்லாம் பங்கு போட்டுக்கொண்டார்கள். மிச்சம் இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன். மரப்பெட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். ஒரு மெக்கானிக்கல் மாணவன் எழுத வேண்டிய விஷயம்தான் இது என்று படித்து முடிப்பதற்குள் ஒத்துக்கொள்வீர்கள்.

நான் சொல்வது தக்காளி வருகிற பலகைப் பெட்டியை அல்ல. ஆத்தாவின் தோடு, வீட்டுப் பத்திரம், தாத்தாவின் மூக்குக் கண்ணாடி என்று ஒரு குடும்பம் தொலைக்க விரும்பாததை எல்லாம் வைத்துப் பூட்டுகிற பெட்டி. தேக்கிலோ ஈட்டியிலோ செய்து, ஆணி இல்லாமல் மூலை சேர்த்து, பித்தளைக் கீலும் கொண்டியும் வைத்து, கையாலேயே மெருகு ஏற்றிய பெட்டி.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் மதுரையிலிருந்து காரைக்குடிக்கு பஸ் ஏறுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அப்பா தச்சு வேலை செய்பவர். பழைய தேக்கு வாங்க அவர் அந்தப் பக்கம் போகும்போது நானும் ஒட்டிக்கொள்வேன். செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வரத்து அடியோடு நின்றது. அந்தக் காலத்து மரம்தான் இன்றைக்கும் கதவாகவும் தூணாகவும் பெட்டியாகவும் கடைத் தெருவில் நிற்கிறது. அங்கே ஒரு கல்லாப்பெட்டியை அப்பா திறந்து காட்டினார். சாய்வான மூடி. உள்ளே சில்லறைக்குக் குழி குழியாக அறைகள். ஒரு தடுப்புப் பலகையை மேலே இழுத்தால் அதன் பின்னால் இன்னொரு சின்ன இழுப்பறை! வெளியே இருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இழுப்பறைக்கும் அதன் அறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். தபால் கார்டு நுழையவில்லை. நாம் 'டாலரன்ஸ்' என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோமே, அதை வெர்னியர் இல்லாமல் ஒருத்தர் சாதித்திருக்கிறார்.

ஒவ்வொரு ஊரும் தன் பெயரைப் பெட்டியில் பொறித்துக்கொண்டிருக்கிறது. கேரளத்தில் தலச்சேரி பக்கத்து நெட்டூரின் பெயரில் நெட்டூர்ப் பெட்டி. கூம்பு மூடியும் பித்தளை வேலையுமாக இருக்கிற நகைப்பெட்டி அது. ஆந்திராவில் விசாகப்பட்டினத்தில் 18ஆம் நூற்றாண்டில் ஈட்டியும் தந்தமும் சேர்த்துச் செய்த பெட்டிகள் இன்றைக்கும் லண்டன் மியூசியத்தில் இருக்கின்றன. நம் மாநிலத்தில் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை. கள்ளக்குறிச்சிக்கு அந்த வித்தை வந்த வரலாறாகச் சொல்லப்படுவதே, பல அரசர்கள் காலத்தில் மதுரையிலிருந்து இடம்பெயர்ந்த கைவினைஞர்கள் கொண்டுபோனது என்பதுதான். வித்தை நம்ம ஊருது, முத்திரை அவங்க ஊருக்கு! கோபப்பட ஒன்றுமில்லை. அவர்கள் விடாமல் செய்தார்கள், வாங்கினார்கள்.

சரி, மரப்பெட்டியில் என்ன இன்ஜினியரிங் என்று கேட்பீர்கள். மரம் செத்த பிறகும் மூச்சு விடும் என்பார் அப்பா. ஐப்பசி மழையில் ஈரத்தை இழுத்து உப்பும். சித்திரை வெயிலில் ஈரத்தை விட்டுச் சுருங்கும். இரும்பு போல எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லை. நார் ஓடுகிற நீளவாக்கில் அசைவு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். குறுக்கே உண்டு. அதிலும் வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகிற திசையில் சுருங்குவதைப் போலப் பெரும்பாலும் இரண்டு மடங்கு. பச்சை மரத்தில் செய்த பெட்டி கோணிக்கொள்வது இதனால்தான். ஒரு அங்குலப் பலகையை நிழலில் அடுக்கி ஒரு வருஷமாவது காய விடணும் என்பது பழைய கணக்கு.

மூடிப் பலகையை நாலு பக்கமும் ஆணி அடித்து இறுக்கினால் சுருங்க இடமில்லாமல் நடுவில் பிளக்கும். அதனால் சட்டத்தில் காடி எடுத்து, பலகையை அதற்குள் ஒட்டாமல் தளர விடுவார்கள். உப்பினாலும் சுருங்கினாலும் அது காடிக்குள்ளேயே நடக்கும், வெளியே தெரியாது. மூலையில் டவ்டெயில் போடுவதும் அழகுக்காக மட்டும் இல்லை. ஒரு பக்கம் இழுத்தால் கழன்று வராத வடிவம் அது. வஜ்ஜிரம் விட்டுப்போனாலும் பெட்டி நிற்கும். இன்னொரு யுக்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. மூடியைத் தனியாகச் செய்வதில்லை. ஆறு பக்கமும் மூடிய பெட்டியாகவே செய்துவிட்டு, பிறகு மேலிருந்து ஒரு அங்குலம் தள்ளி ரம்பத்தால் சுற்றி அறுத்து மூடியைப் பிரிப்பார்கள். மூடும்போது மர ரேகை கீழிருந்து மேலே தடை இல்லாமல் ஓடும். முதல் தடவை பார்த்தபோது நல்ல பெட்டியை எதுக்கு இப்படி அறுக்கிறார் என்று பதறிப்போனேன்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "நீ உளியப் பிடிக்கிறதுக்காடா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறேன்? இந்தப் பொழப்பு எங்களோட போகட்டும்" என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் பாட நேரத்தை மூன்று மணியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. 'குலக்கல்வி' என்று நாடே எதிர்த்தது. 1954இல் காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. அது கைவிடப்படாமல் இருந்திருந்தால் இந்த மலரில் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இங்கே இருந்திருக்க மாட்டோம்.

அதே வாதம் சமீபத்திலும் வந்தது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சு உள்பட 18 தொழில்கள், குறைந்தபட்ச வயது 18. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுக்கணும், வயதை 35 ஆக்கணும் என்று 2024இல் தமிழக அரசு எழுதியது. பிறகு 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. அதில் வயது 35க்கு மேல். எனக்கு இப்போது சரியாக 18. இந்தச் சண்டை என்னைப் பற்றியது என்றே நினைத்துக்கொண்டேன்!

என் அபிப்பிராயம் இது. தொழில் நடத்தக் கடன் வாங்க 35 சரியான வயசு. 18இல் ஒருத்தனைக் கடனோடும் உளியோடும் பட்டறையில் உட்கார வைத்தால் அவன் படிப்பு அங்கேயே முடிந்தது. ஆனால் கைவேலையைக் கற்றுக்கொள்ள 18தான் நல்ல வயசு. அதைக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடம் பட்டறையும் அப்பாவும் அல்ல, வகுப்பறை. கற்றுக்கொள்ள வேண்டியவன் ஆசாரி மகன் மட்டும் அல்ல. எலெக்ட்ரிக்கல் படிக்கிற விவசாயி மகனும், சிவில் படிக்கிற நெசவாளி மகளும் கற்கட்டும். ரத்தத்தில் வருகிற வித்தை என்று சொல்லிச் சொல்லியே அதை நாலு தெருவுக்குள் பூட்டி வைத்தோம். அந்த நாலு தெருப் பிள்ளைகளும் படிக்கப் போனால் (போகத்தான் வேண்டும்) வித்தையும் போய்விடும். பாடத்திட்டத்தில் ஏறிய வித்தைக்கு அந்தக் கதி இல்லை. லேத்தில் திருகு வெட்டுவதை எந்த அப்பா எந்த மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார்?

இன்னொரு பக்கமும் பார்க்கணும். போன வருஷம் டவுனில் ஒரு பரிசுப் பொருள் கடைக்காரர் அப்பாவிடம் 20 பெட்டி கேட்டார். அப்பா ஒரு பெட்டிக்கு ஒன்றரை நாள் கூலி என்று விலை சொன்னார். "மெஷின்ல செஞ்சது பாதி விலைக்குக் கிடைக்குதே" என்று கடைக்காரர் அதையும் குறைத்தார். அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். நான் ஒர்க் ஸ்டடி பாடத்தில் படித்ததை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து நேரம் குறித்தேன். அறுத்து இழைக்க 4 மணி நேரம். நாலு மூலை பூட்ட 6. மூடியும் அடிப்பலகையும் 3. கீல், கொண்டி பதிக்க 2. உப்புத்தாளும் அரக்கு பாலிஷும் 5. மொத்தம் 20 மணி நேரம், அதாவது இரண்டரை நாள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு நாளைக்கு மேல் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறார்! கையில் வித்தை இருக்கிறது, கணக்கு இல்லை. நம்மிடம் கணக்கு இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் இந்தத் தொழிலில் ஒருவன் நிமிர்ந்து விலை சொல்ல முடியும்.

மெஷினுக்கு நான் எதிரி இல்லை. மெக்கானிக்கல் மாணவன் எப்படி எதிரியாவேன்? அறுப்பதையும் இழைப்பதையும் மெஷினில் போட்டால் அந்த 4 மணி நேரம் அரை மணி ஆகும். செதுக்கு வேலைக்கு சி.என்.சி. ரௌட்டர் இருக்கிறது. பெங்களூரில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமே இருக்கிறது. ஆனால் கடைசியாக மூலை பொருந்துகிறதா, மூடி "டப்" என்று இறங்குகிறதா என்று பார்க்கிற வேலையைக் கைக்கு விட்டுவிடுங்கள். லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். பெட்டியில் மூலை எல்லாம் அச்சுப் போலத்தான் இருக்கிறது. ஒரு மழையில் நனைந்தால் அப்பளம்.

மரத்துக்கு எங்கே போவது? ஈட்டியை நினைக்காதீர்கள். அதைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994இலேயே சட்டம் போட்டார்கள். 2017 ஜனவரி முதல் ஈட்டி இனம் சைட்டிஸ் என்கிற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. செஞ்சந்தனம் 1995இலேயே அதில் ஏறிவிட்டது. கருங்காலி பற்றிக் கேட்டால் அப்பா சிரிக்கிறார். ஊரில் இத்தனை கழுத்தில் கருங்காலி மாலை தொங்குவதற்கு அத்தனை கருங்காலி எந்தக் காட்டில் இருந்தது? (ஸ்ட்ரைக் அன்றைக்கு வகுப்புக்குப் போகிற கருங்காலிகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.) நமக்குப் பூவரசு போதும். குளக்கரையில் நிற்கிற அந்த மரத்தின் வைரம் கருஞ்சிவப்பாக இருக்கும், மெருகை நன்றாக வாங்கும். வெளிநாட்டுக்காரர்கள் 'பசிபிக் ரோஸ்வுட்' என்று அதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள். ஹவாய்த் தீவில் அதில் கிண்ணம் செய்தார்கள். நாம் இலையைச் சுருட்டி பீப்பீ ஊதுவதோடு சரி. வாகை, வேம்பு, பழைய வீடு இடித்த தேக்கு இதெல்லாம் நம் சமவெளியிலேயே கிடைக்கிறது. ரோட்டை அகலப்படுத்த வெட்டுகிற வேம்பும் புளியும் விறகாகப் போவதை நாம் எல்லோரும் பார்த்தவர்கள்தானே?

நம் யூனியனுக்கு ஒரு கோரிக்கை. ஆண்டு விழாவுக்கு வருகிறவர்களுக்குத் தங்கக் கலர் பூசிய பிளாஸ்டிக் ஷீல்டு கொடுக்கிறோம். அதை அவர்கள் எங்கே வைப்பார்கள் என்று நமக்கே தெரியும். அந்தக் காலத்தில் தலைவர்களுக்கு வரவேற்பு மடலை ஒரு பேழையில் வைத்துக் கொடுப்பார்கள். காந்தி 1933-34 ஹரிஜன யாத்திரையில் அந்தப் பேழைகளை மேடையிலேயே ஏலம் விட்டு நிதி சேர்த்தார். ஏலம் கேட்க ஆள் வருகிற மாதிரி ஒரு பொருளை நாமும் கொடுக்கலாமே!

அதை யார் செய்வது? நாம்தான். முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் கார்பென்ட்ரி ஜாப் என்று ஒரே ஒரு டவ்டெயில் மூலை செய்கிறோம். மார்க் போட்டதும் அது மூலையில் விழுகிறது. ஒரு மூலைக்குப் பதில் நாலு மூலை செய்தால் பெட்டி! நேரம் கூடுதலாக வேண்டும், உண்மை. நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு மூலை செய்யட்டும். ஒருவன் அளவு தப்பினாலும் பெட்டி மூடாது. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிற மாதிரி இதைக் காப்பியடிக்க முடியாது.

கணக்கும் போட்டுவிட்டேன். 8 அங்குல நீளம், 5 அகலம், 3 உயரம், அரை அங்குலப் பலகை என்றால், மூடியும் அடியும் சேர்த்து ஏறக்குறைய 70 கன அங்குல மரம். சேதாரம் தாராளமாக விட்டாலும் ஒரு கன அடியில் 15 பெட்டி வரும். 60 பேர் வகுப்புக்கு நாலு பேருக்கு ஒன்று என்றால் அந்த 15 போதும். ஆளுக்கு ஒன்று என்றால்கூட 4 கன அடி. எட்டு அங்குலத்துக்கு எட்டு அங்குலம், பத்தடி நீளத்தில் ஒரு பழைய உத்திரம் வாங்கினால் முடிந்தது.

சொல்லிக் கொடுக்க ஆசிரியருக்குத் துணையாக வெளியிலிருந்து ஒரு ஆசாரி வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொண்ணுகளுக்கும் சேத்துத்தானே? அப்ப சின்ன உளியா நாலஞ்சு சாணை புடிச்சு வைக்கணும்" என்றார். பஸ் காசும் அரை நாள் கூலியும் யூனியன் கொடுக்குமா என்று செயலாளர்தான் சொல்ல வேண்டும்.